ஒத்திகையில்லா மேடை – 7: விளையாட்டிலிருந்து விதிக்கு

பதுவா நகரில் 1545-இல் எட்டு நடிகர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும், அவர்களுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகள் இத்தாலியில் தழைத்த முகமூடி நாடகங்களையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த நடிகர்களிடம் எழுதிய வசனம் கிடையாது. ஆனால் கையில் கதைச் சுருக்கம் இருந்தது. ஆயுள் முழுக்க ஆடும் ஒரே வேடம் ஆளுக்கொன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வேடிக்கைத் துணுக்குகள் இருந்தன. இன்று இம்ப்ரொவைசேஷன் என்ற பெயரில் உலகெங்கும் ஆடப்படும் நாடகத்தில் இந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. பார்வையாளர்களில் ஒருவர் ‘குடை’ என்று குரல் கொடுக்கிறார். அடுத்த நொடி இரண்டு பேர் மேடையேறி, அதுவரை இல்லாத ஓர் உலகத்தை உண்டாக்கத் தொடங்குகிறார்கள்.

அவர்கள் தடுமாறாமல் நிற்பதற்குப் பின்னால் சில கருத்துகளும் அவற்றுக்கான சொற்களும் இருக்கின்றன. ஏற்பு, மறுப்பு, கவனப்புள்ளி, படிநிலை, மீட்டெடுப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு சொல்லும் குறிப்பிட்ட ஓர் ஊரில், குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்தது. அந்தச் சிக்கல் என்னவென்று தெரியாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் அது வெறும் உபதேசமாகிவிடும். பல பயிற்சிப் பட்டறைகளில் இன்று அதுதான் நடக்கிறது. ஆகவே சொற்களைப் பிறந்த இடத்திலேயே போய்ப் பார்த்துவிடுவோம்.

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லம் இருந்தது. ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் 1889-இல் தொடங்கியது. சுற்றுப்புறம் முழுக்க இத்தாலியரும் கிரேக்கரும் ரஷ்ய யூதர்களுமாகப் புதிதாகக் கப்பலேறி வந்து, கிடைத்த வேலைக்குப் போன ஏழைக் குடும்பங்கள். 1920-களில் இந்த இல்லத்தில் நெவா பாய்ட் என்ற சமூகவியலாளர் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். பல நாட்டு மரபு விளையாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர் அவர். குழந்தை விளையாடும்போது விதியைத் தானாக விரும்பி ஏற்கிறது, எதிரில் இருப்பவரைக் கூர்ந்து கவனிக்கிறது, தன்னை மறக்கிறது. வேறெந்தப் பாடமும் இந்த மூன்றையும் ஒருசேரத் தருவதில்லை என்பது பாய்டின் நம்பிக்கை. 1924 முதல் 1927 வரை அவரிடம் பயின்ற மாணவி வயோலா ஸ்போலின். ரஷ்ய யூதக் குடும்பத்தில், சிகாகோவிலேயே 1906-இல் பிறந்தவர். சமூக சேவகியாக வேண்டும் என்பதுதான் அவருடைய அப்போதைய எண்ணம்.

பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வேலையற்றோருக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய பணித் திட்டத்தின் கீழ், 1930-களின் கடைசியில் சிகாகோவில் நாடகப் பயிற்சியை மேற்பார்வையிடும் பொறுப்பு ஸ்போலினுக்குக் கிடைத்தது. அவர் முன்னால் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் குடியேறிகளும் அவர்களுடைய பிள்ளைகளும். வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொரு மொழி. நாடகம் படித்தவர்கள் யாருமில்லை. ‘சோகத்தை உள்ளே உணர்ந்து நடி’ என்றால் பிள்ளைகள் விறைத்து நின்றார்கள். ‘இப்படி நடி’ என்று நடித்துக் காட்டினால் அதை அப்படியே நகலெடுத்தார்கள். ஸ்போலின் பாய்டிடம் கற்றதற்குத் திரும்பினார். நடிப்பில் வரும் ஒவ்வொரு சிக்கலையும் ஒரு விளையாட்டாக மாற்றினார்.

கயிறிழுக்கும் போட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர், நடுவில் கயிறு. ஆனால் கயிறு கிடையாது. கையில் ஒன்றுமில்லாமல் இழுக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கயிறு இருவருக்கும் ஒரே கயிறாக இருக்க வேண்டும். ஒருவன் பின்னால் சாய்ந்தால் மற்றவன் முன்னால் இழுபட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கயிறு ரப்பராகிவிடும். பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். விளையாடும் பிள்ளையின் மனம் முழுக்க அந்த இல்லாத கயிற்றின் மேல் நிற்கிறது. ‘நான் நன்றாக நடிக்கிறேனா’ என்று யோசிக்க அவனுக்கு நேரமே இல்லை. முதுகு வளைகிறது, குதிகால் தரையில் ஊன்றுகிறது, முகம் சிவக்கிறது. நடிப்பு தானாக வந்துவிடுகிறது.

அந்தக் கயிறுதான் ஸ்போலின் மொழியில் கவனப்புள்ளி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கவனப்புள்ளி உண்டு. ஆடுகிறவர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே நழுவினால் ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஓரத்தில் நின்றபடியே ‘கயிறு… கயிறு!’ என்று குரல் கொடுப்பார். ஆடுகிறவர் தலையைத் திருப்பாமல், காதில் மட்டும் வாங்கிக்கொண்டு தொடர வேண்டும். இதற்குப் பெயர் பக்கக் குரல். விளையாட்டு மைதானத்தில் பயிற்சியாளர் செய்கிற அதே வேலை.

காட்சி ஆடும்போது ‘எங்கே, யார், என்ன’ என்ற மூன்று கேள்விகள். இடம் எது, இவர்கள் ஒருவருக்கொருவர் யார், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். இவற்றுக்கான விடையை வாயால் அறிவிக்கக் கூடாது, காட்ட வேண்டும். ‘அம்மா, நம்ம சமையலறை எவ்வளவு சூடா இருக்கு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஸ்போலினுடைய வகுப்பில் அது தோல்வி. அடுப்பின் சூட்டுக்கு ஒதுங்கி, கரித்துணியால் பாத்திரத்தைப் பிடித்து, நகர்கிற அம்மாவுக்கு வழிவிட்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிடும். பொருளற்ற ஒலிகளால் மட்டும் பேசிக்கொள்ளும் விளையாட்டு ஒன்றும் உண்டு. மொழி தடையாக இருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்!

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் அசைய, மற்றவர் கண்ணாடி பிம்பமாக அதையே செய்ய வேண்டும். ஓரத்திலிருந்து ‘மாத்து!’ என்று குரல் வரும். பிம்பம் ஆளாகும், ஆள் பிம்பமாவார். குரல் இன்னும் விரைவாக வரும், இன்னும் விரைவாக. ஒரு கட்டத்தில் யார் முன்னே போகிறார், யார் பின்தொடர்கிறார் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்துகொண்டிருப்பார்கள். தலைவர் இல்லாமல் ஒரு குழு எப்படிச் சேர்ந்து முடிவெடுக்கும் என்ற கேள்விக்கு இந்த விளையாட்டு உடம்பால் விடை சொல்கிறது. பின்னாளில் குழுமனம் என்று பேசப்பட்டதற்கெல்லாம் வித்து இங்கே இருக்கிறது.

ஸ்போலின் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். பாராட்டு, கண்டனம் இரண்டுமே நடிகனைக் கெடுக்கும். ‘சபாஷ்’ என்ற சொல்லுக்காக ஏங்குகிறவன் தன் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். அதனால் அவருடைய வகுப்பில் ‘நன்றாக இருந்தது, மோசமாக இருந்தது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சிக்கல் தீர்ந்ததா, கவனம் புள்ளியில் நின்றதா என்று மட்டும் கேட்பார். இருநூறுக்கு மேற்பட்ட பயிற்சிகளோடு அவருடைய நூல் 1963-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இந்தக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மகனிலிருந்தும் மகனின் நண்பர்களிலிருந்தும் கதையைத் தொடங்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் பெயர் ஸ்போலினுடையதாகவே இருக்க வேண்டும்.

அந்த மகன் பால் சில்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க் பகுதியில் ஒரு மதுக்கூடத்தில், டேவிட் ஷெப்பர்டோடு சேர்ந்து 1955 ஜூலை 5-ஆம் தேதி காம்பஸ் குழுவைத் தொடங்கினார். ஷெப்பர்டின் கனவு தொழிலாளர்களுக்கான நாடகம். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டும் இத்தாலிய முகமூடி நாடகமும் அவருக்கு முன்மாதிரி. வந்து உட்கார்ந்தவர்கள் என்னவோ மாணவர்களும் பேராசிரியர்களும்தான். கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாடகம் ஆடினார்கள். அன்றைய செய்தித்தாளை எடுத்து வைத்து ஆடினார்கள். பிறகு பார்வையாளர்கள் எடுத்துக் கொடுக்கும் சொல்லிலிருந்தும் ஆடினார்கள். நடிகர்களுக்கு விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஸ்போலினே வந்தார்.

காம்பஸ் நடிகர்களில் மைக் நிக்கோல்ஸ், எலைன் மே என்ற இருவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உண்டு. இருவரும் ஒருவரையொருவர் அரைகுறையாக அறிந்திருந்த காலம். சிகாகோ ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் எலைன் மே தனியே உட்கார்ந்திருக்கிறார். நிக்கோல்ஸ் அருகில் போய், வெளிநாட்டு உளவாளியின் உச்சரிப்பில், ‘இங்கே உட்காரலாமா’ என்று கேட்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அதே உளவாளி உச்சரிப்பில், ‘விருப்பமிருந்தால் உட்காருங்கள்’ என்கிறார் மே. அப்புறம் அங்கேயே இரண்டு உளவாளிகளின் சந்திப்பு ஒரு முழுக் காட்சியாக நடந்து முடிகிறது. நீட்டல், ஏற்பு என்ற அடிப்படைச் சொல் இரண்டையும் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிக்கோல்ஸ் பேசிய தோரணை ஒரு நீட்டல்: ‘நாம் இருவரும் உளவாளிகள்’ என்ற ஒரு கற்பனையை அவர் முன்னே நீட்டுகிறார். மே பேசிய தோரணை ஏற்பு. ‘ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்’ என்று அவர் கேட்டிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். 1960 அக்டோபரில் இதே இருவரும் பிராட்வே மேடையேறினார்கள். முதல் வரி, கடைசி வரி, எந்த எழுத்தாளரின் பாணி என்ற மூன்றையும் பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, அங்கேயே ஆடிக் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1957-இல், காம்பஸின் ஒரு கிளை செயின்ட் லூயிஸ் நகரின் கிரிஸ்டல் பேலஸ் என்ற அரங்குக்குப் போயிருந்தது. இயக்குநர் டெட் ஃபிளிக்கர். எலைன் மே, டெல் க்ளோஸ் போன்றவர்கள் உடன் இருந்தார்கள். சில இரவுகள் காட்சிகள் பிரமாதமாக வந்தன. சில இரவுகள் படுத்துவிட்டன. காரணம் புரியவில்லை. மறுநாள் காலையில் ஃபிளிக்கரும் மேயும் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, முந்தைய இரவின் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த உரையாடலிலிருந்து சில விதிகள் உருவாயின. அமெரிக்க இம்ப்ரொவைசேஷன் வட்டாரத்தில் இன்றும் அவை சமையலறை விதிகள் என்றே அழைக்கப்படுகின்றன.

முதல் விதி, எதிராளி சொன்ன உண்மையை மறுக்காதே. மேடையில் ஒருவர் வலித்துக் கயிறு இழுத்தபடி, ‘அண்ணே, நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு’ என்கிறார். மற்றவர், ‘நங்கூரமா? இது பஸ் ஸ்டாண்டு தம்பி’ என்றால் சபையில் ஒரு சிரிப்பு எழும். உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கப்பலையே விலையாகக் கொடுத்தாயிற்று. கடலும் போயிற்று, இருவருக்கிடையே இருந்த நம்பிக்கையும் போயிற்று. அதற்குப் பதில், ‘போன தடவையும் இதே பாறைதான். அப்பா கயிற்றை அறுத்துட்டாரு, நாம நாலு நாள் மிதந்தோம்’ என்றால்? ஒரே வாக்கியத்தில் இருவரும் சகோதரர்களாகிவிட்டார்கள், பழைய விபத்து ஒன்று பிறந்துவிட்டது, அறுப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் வந்துவிட்டது. ‘ஆமாம், அதோடு…’ என்று பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய சூத்திரம் இதுதான். நீட்டியதை வாங்கிக்கொள், வாங்கியதோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடு.

இரண்டாவது, செயலற்று நிற்பதா, செயலில் இறங்குவதா என்று வந்தால் செயலைத் தேர்ந்தெடு. ‘கதவைத் திறக்கலாமா வேண்டாமா’ என்று ஐந்து நிமிடம் விவாதிப்பதைவிடத் திறந்துவிடுவது மேல். மூன்றாவது, உன் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதற்கு ஒரு காரணம் கற்பிப்பது உன் பொறுப்பு. கை தவறி ஒரு நாற்காலி விழுந்தால் அதுவும் கதைக்குள் வந்தாக வேண்டும்.

முதல் விதியைப் பற்றி ஒரு குழப்பம் இன்றுவரை தீரவில்லை. ஏற்பது நடிகரின் வேலை. பாத்திரத்தின் வேலை கிடையாது. ‘அப்பா, நான் அவரைத்தான் கட்டிக்குவேன்’ என்று மகளாக ஆடுகிறவர் சொல்கிறார். ‘முடியவே முடியாது’ என்று அப்பாவாக ஆடுகிறவர் கத்தலாம். அவர் மறுத்தது மகளின் விருப்பத்தை. தான் அப்பா, இவள் மகள், ஒரு காதல் இருக்கிறது என்ற உலகம் அப்படியே ஏற்கப்பட்டிருக்கிறது. ‘நான் உன் அப்பாவே இல்லையே, தபால்காரன்’ என்றால்தான் விதி உடைகிறது. இந்த வேறுபாடு புரியாமல் எதற்கும் தலையாட்டுவதையே கலை என்று கற்பித்த குழுக்களில், சக நடிகர்கள், குறிப்பாகப் பெண்கள், தமக்குக் கூசுகிற தொடுதலையும் பேச்சையும் ‘மறுக்கக் கூடாது’ என்ற பெயரில் தாங்கிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. இது விதியின் பேரால் நடக்கும் அநியாயம். காட்சியை எந்த நொடியிலும் நிறுத்தும் உரிமை உயிருள்ள மனிதருக்கு உண்டு. அந்த உரிமைக்குக் கீழேதான் எல்லா விதியும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு ஆள் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். கீத் ஜான்ஸ்டோன், 1933-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் வருகிற நாடகப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் 1950-களில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இருந்த தடை சட்டம். பிரிட்டனில் பொதுமக்கள் முன் ஆடும் எந்த நாடகத்தின் பிரதியும் அரச மாளிகை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அனுமதியைப் பெற்றாக வேண்டியிருந்தது. 1737-இல் வந்த அந்தத் தணிக்கை 1968-இல்தான் ஒழிந்தது. எழுதவே படாத நாடகத்துக்கு யார் அனுமதி கொடுப்பது? ஜான்ஸ்டோன் தன் நடிகர்களை மக்கள் முன் நிறுத்தி, இது வகுப்பு, செயல்விளக்கம் என்ற பெயரில் ஆட வைத்தார்.

நடிகர்கள் சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதைக்கூட மேடையில் இயல்பாகச் செய்ய முடியாமல் திணறியதை 1963-இல் ராயல் கோர்ட்டின் பயிற்சிக் கூடத்தில் அவர் கவனித்தார். ஒருநாள் ஒரு சின்னக் கட்டளை கொடுத்தார்: எதிரில் இருப்பவரைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மேலேயோ கீழேயோ உங்களை வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். காட்சி சட்டென்று உயிர்பெற்றது. சும்மா பேசுவதாகத் தோன்றும் ஒவ்வொரு பேச்சிலும் மனிதர்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். இதுவே படிநிலை என்ற கருத்து. சமூகத்தில் ஒருவருக்கு இருக்கும் பதவி வேறு; அவர் இந்த நொடியில் ஆடும் படிநிலை வேறு. முதலாளி குழைந்து தாழலாம். வேலைக்காரர் பார்வையாலேயே உயரலாம். ஏற்றப் பலகையின் இரு முனைகளைப் போல ஒருவர் உயர்ந்தால் மற்றவர் தாழ்ந்தே தீருவார்.

படிநிலையை அவர் உடம்பிலேயே காட்டினார். பேசும்போது தலையை ஆட்டாமல் வைத்திருந்தாலே மனிதர் உயர்ந்துவிடுகிறார். முகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தாழ்ந்துவிடுகிறார். வாக்கியத்தின் முன்னால் ஒரு குட்டி ‘அ…’ போட்டால் தயக்கம். அதையே ‘ஆ…’ என்று இழுத்து, கேட்பவரைக் காக்க வைத்தால் அதிகாரம். முறை சொல்லி அழைத்து, ‘நீ’யா ‘நீங்க’ளா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுத்துப் பேசுகிற நமக்கு இது எளிதில் பிடிபடும். 1979-இல் வந்த அவருடைய இம்ப்ரோ என்ற நூலில் படிநிலைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது.

நீட்டல், ஏற்பு, மறுப்பு என்ற சொற்களை உலகம் பெருமளவு ஜான்ஸ்டோன் வழியாகவே கற்றது. அவர் தந்த இன்னொரு கருவி மீட்டெடுப்பு. கதை சொல்கிறவர் முன்னே பார்த்துத் திணற வேண்டியதில்லை; பின்னோக்கி நடப்பவராக இருந்தால் போதும். தான் கடந்து வந்தவை அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் கை மறதியாக வைத்த ஒரு பொருளைக் கடைசியில் திரும்ப எடுத்தால் கதை தானாக முழுமை பெறும். புத்திசாலித்தனமாக எதையாவது யோசிக்காதே, உனக்கு முதலில் தோன்றுவதைச் சொல் என்பதையும் ஓயாமல் சொன்னார். ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரிவது மற்றவருக்குப் புதுமையாக இருக்கும் என்பது அவருடைய அனுபவம். பின்பு கனடாவின் கால்கரி நகருக்குக் குடிபெயர்ந்து, 1977-இல் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கினார். மல்யுத்தக் கூடத்தில் குடும்பம் குடும்பமாக எழுந்து நின்று கத்துகிற கூட்டத்தைப் பார்த்து, நாடகத்துக்கும் இந்த ஆர்வம் வராதா என்று ஏங்கியதில் பிறந்தது இரண்டு அணிகள் மோதும் தியேட்டர்ஸ்போர்ட்ஸ். 2023-இல் கால்கரியிலேயே காலமானார்.

சிகாகோவுக்குத் திரும்புவோம். பால் சில்ஸ், பெர்னி சாலின்ஸ், ஹோவர்ட் ஆல்க் மூவரும் 1959 டிசம்பர் 16-இல் செகண்ட் சிட்டி அரங்கைத் திறந்தார்கள். நியூயார்க்கர் இதழில் ஏ. ஜே. லீப்லிங் சிகாகோவை இளக்காரமாக எழுதிய கட்டுரைகளின் தலைப்பையே பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். அங்கே ஒரு நீண்ட சச்சரவு முளைத்தது. இம்ப்ரொவைசேஷன் நல்ல காட்சிகளைக் கண்டுபிடிக்க உதவும் கருவி, கண்டுபிடித்ததைச் செதுக்கி எழுதி ஆடுவதே கலை என்றார் சாலின்ஸ். செயின்ட் லூயிஸ் சமையலறைக் காலத்திலிருந்தே இதில் ஊறியிருந்த டெல் க்ளோஸ், அந்த நொடியில் பிறந்து அந்த நொடியிலேயே கரைகிற ஆட்டமே முழுமையான கலை என்று வாதாடினார். 1999-இல் க்ளோஸ் மருத்துவமனையில் இறுதி நாட்களைக் கழித்தபோது நண்பர்கள் கூடினார்கள். ‘இன்று ஒரு இரவுக்கு மட்டும் அது கலைதான்’ என்ற பொருள்பட சாலின்ஸ் விட்டுக்கொடுத்ததாகச் சொல்வார்கள்.

நான் க்ளோஸின் பக்கம். செதுக்கிய காட்சி நன்றாக இருக்கலாம். ஆனால் கண்முன்னே இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பி ஓர் உலகத்தைக் கட்டுவதைப் பார்க்கும் அனுபவத்தை அது தராது. க்ளோஸுக்கோ வாதத்தில் வெல்வது போதவில்லை. ஐந்து நிமிடத் துணுக்குகளாகவே நின்றுவிட்ட ஆட்டத்தை அரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட ஒரு வடிவம் வேண்டும் என்று தேடினார். 1967-இல், சான் பிரான்சிஸ்கோவின் கமிட்டி என்ற குழுவில், ஒரு பெரிய ஆட்டம் உருவெடுத்தது. பின்னாளில் உறுதிப்பட்ட அதன் வடிவம் இது: பார்வையாளர் தரும் ஒரே சொல்லிலிருந்து தொடக்கம், தொடர்பில்லாத மூன்று காட்சிகள், எல்லாரும் சேர்ந்த ஒரு விளையாட்டு, அதே மூன்று காட்சிகளின் மறுவருகை, இறுதியில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல். அதற்குப் பெயர் என்ன வைப்பது என்று கேட்டபோது, குழுவின் இசைக்கலைஞர் பில் மேத்யூ விளையாட்டாகச் சொன்ன பெயரே நிலைத்தது: ஹரால்ட். அது எப்படி இயங்கியது, 1980-களில் ஷார்னா ஹால்பெர்னும் க்ளோஸும் சிகாகோவில் அதை எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)